வறண்ட வாயோடு பல்லக்குத் தூக்கிய அண்ணனுக்கு

என் முரட்டுப் பயலே, மதி அண்ணா,

நேற்று ஆடி மூன்றாம் ஞாயிறு. அம்மன் நம் தெருவுக்கு வந்து போனாள். நீ இல்லாமல் வந்த முதல் பல்லக்கு. நடந்ததை வேறு யாராவது உனக்குத் தப்பும் தவறுமாகச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பாதி ஊருக்கு இப்போது என்மேல் கோபம். அம்மாவும் பேசவில்லை. இருக்கட்டும். அதற்காகச் சோறு இறங்காத ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும்.

முதலில் உன்னைத் திட்ட வேண்டும். ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டு வைத்திருக்கிறேன். செத்தவர்களைத் திட்டக் கூடாதாம். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் உன்னைத் திட்டாமல் விட்டதில்லை, இப்போது மட்டும் எதற்கு மரியாதை? நீ செய்தது முட்டாள்தனம், அண்ணா. அம்மன் உன்னைக் கூப்பிடவில்லை. உன் விதி முடியவும் இல்லை. இருபத்தேழு வயதில் முடிகிற விதியை யார் எழுதுவார்கள்? டப்பாவில் விற்கிற ஜிம் பவுடரைத் தண்ணீரில்லாமல் வாயில் கொட்டிக்கொண்டு, வெறும் வயிற்றோடு வெயிலில் பல்லக்குத் தூக்கினாய். அதைத்தான் நேற்று மைக்கில் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்லிக்கொண்டு போவேன், பொறுத்துக்கொள்.

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பல்லக்கு மேலத்தெருவையும் கடைத்தெருவையும் சுற்றிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பிவிடும். நம் கீழத்தெரு முனையில் நின்று எட்டித்தான் பார்ப்போம். அப்புறம் பெரியவர்கள் மனு கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள், போலீஸ்காரர் முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால்தான் அம்மன் நம் தெருவுக்குள் வந்தாள். முன்தண்டின் வலது பக்கம் நம் தெருப் பையன்கள் எட்டுப் பேருக்கு என்றும் முடிவானது. அன்றைக்கு நீ அழுதாய். கண்ணில் கற்பூரப் புகை என்று என்னிடம் பொய் சொன்னாய்.

அந்த வலது தண்டுதான் உன்னைக் கொன்றது என்று சொன்னால் தப்பு. ஆனால் அதைப் பற்றிச் சொல்லாமல் உன் சாவைச் சொல்ல முடியாது. காப்புக் கட்டி, காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்துதான் தண்டைத் தொடவேண்டும். நடுவில் ஒன்றுக்குப் போனால் மறுபடி குளித்து வேட்டி மாற்றிவிட்டு வர வேண்டும். ஊரைச் சுற்றி முடிக்க நாலைந்து மணி நேரம் ஆகும். மேலத்தெரு ஆட்கள் இறங்குவார்கள், வழியில் யார் வீட்டிலாவது குளிப்பார்கள், மறுபடி வந்து தோள் கொடுப்பார்கள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. நம் ஆட்கள் இறங்கினால் மட்டும் அது பேச்சாகிவிடும் என்று நீங்களே முடிவு செய்துகொண்டீர்கள். சும்மா முடிவு செய்யவும் இல்லை. முதல் வருடம் உன் நண்பன் டில்லி ஒரு தடவை இறங்கியதற்கு, இவ்வளவுதானா இவனுங்க தெம்பு என்று ஒருத்தர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

அதோடு நீங்கள் இறங்குவதை விட்டீர்கள். இறங்காமல் இருக்க வழி? முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. விரதத்தில் சாப்பாடும் இல்லை. எட்டுப் பேரும் உதடு வெடித்துப்போய் வந்து நிற்பீர்கள். நாங்கள் அதைப் பக்தி என்று சொல்லிக்கொண்டோம்.

பிறகு ஜிம் வந்தது. செவிலிமேடு போகிற ரோட்டில், ஹார்டுவேர் கடை மாடியில். ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூட வராமல் நேராக அங்கேதான் போவாய். அந்த ஜிம்மை நான் குறை சொல்லமாட்டேன். பீடியை விட்டாய், நேரத்துக்குத் தூங்கினாய், முட்டை வேகவைக்கக் கற்றுக்கொண்டாய். அங்கேதான் எடை தூக்கத் தெம்பு தருகிற அந்தப் பவுடரும் உனக்கு அறிமுகம். எடை தூக்குவதற்கு முன்னால் ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. ஆறு மாதம் நீயும் அப்படித்தான் குடித்தாய். போனில் எவனோ பவுடரைத் தண்ணீரில்லாமல் ஸ்பூனோடு வாயில் கொட்டிக்கொள்வதைக் காட்டி, இதுக்குப் பேர் டிரை ஸ்கூப் என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தாய்.

மற்ற ஊர்களில் இதை வீம்புக்குச் செய்கிறார்கள். நம் தெருவில்தான் இதற்கு ஒரு நியாயம் கிடைத்தது. தண்ணீரும் குடிக்கக் கூடாது, தோளும் தளரக் கூடாது. தண்ணீரே இல்லாமல் தெம்பு தருகிற ஒன்று கையில் இருக்கும்போது விடுவீர்களா? "விரதமும் கெடல, பவரும் வந்துடுது பாப்பா. அம்மனே பார்த்து குடுத்த மாதிரி இருக்குது," என்றாய். ஏதோ பெரிய கண்டுபிடிப்பு செய்தவன் மாதிரி நின்றாய்.

போன வருடம் அந்தக் காலையில் கோயில் பின்பக்கக் குழாயடியில் எட்டுப் பேரும் வரிசையாக நின்றீர்கள். நீ ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தாய். வலது உள்ளங்கையில் பவுடரை வாங்கி, தீர்த்தம் மாதிரி கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாய். மற்றவர்களுக்கு ஒரு ஸ்பூன், உனக்கு இரண்டு. முன்னால் நிற்பவன் நீ என்பதால் இரண்டாம். தொண்டையில் அடைத்து இருமினாய், வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. நான் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். மூஞ்சியைப் பாரு, மாவு மிஷின் மாதிரி என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வீடியோவில் அப்படியே இருக்கிறது.

கடைத்தெரு திரும்பும்போது நீ ஒரு கையால் நெஞ்சைத் தேய்த்ததைப் பார்த்தேன். என்ன என்று கேட்டேன். படபடன்னு இருக்குது, ஒண்ணுமில்ல போ என்றாய். வேர்வை நின்றுபோய்த் தோள் காய்ந்திருந்தது. அப்போதே உன்னை இழுத்துப் போட்டிருக்க வேண்டும். இறக்கி வைக்கிற மேடை வரை நடந்தாய். பல்லக்கைத் தரையில் இடிக்காமல் இறக்கினாய். அப்புறம்தான் விழுந்தாய். ஆட்டோவில் உன் தலை என் மடியில் இருந்தது, ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காலையில் என்ன சாப்பிட்டார் என்று டாக்டரம்மா கேட்டார். டில்லியும் மற்றவர்களும் தரையைப் பார்த்தார்கள். நான் வீடியோவைக் காட்டினேன். அவர் அதை இரண்டு தடவை பார்த்தார். காபியில் இருக்கிற அதே சரக்குதான், ஆனால் பல கப் காபி ஒரே வாயில் போன மாதிரி என்றார். தண்ணீரில் கலக்கி மெல்லக் குடித்தால் உடம்பு ஏதோ சமாளிக்கும், இப்படிக் கொட்டினால் மூச்சுக் குழாயில் போகலாம், இதயத்தின் தாளமே குலைந்து போகலாம் என்றார். "இது மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேம்மா. தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல, தண்ணி இல்ல, வெயில் வேற. அதுக்கு மேல இது." அந்த அம்மாவை எனக்குப் பிடித்தது. ஊரில் உண்மையை முழுசாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "பவுடர் சாப்ட்டு செத்தான்னு என் புள்ளய பேசுவாங்கடி. அம்மன் கூப்டுக்கினா. அவ்ளோதான். வேற எதுவும் உன் வாயில வரக்கூடாது." சரி என்றேன். ஒரு வருடம் அந்தச் சரியோடு இருந்தேன். வேலை பார்க்கிற ஜவுளிக் கடையில் நாள் முழுக்கப் புடவையைப் பிரித்துக் காட்டி மடித்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டு இருந்தேன். அம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்காகவும்தான். சொன்னால் சிரித்ததையும் சொல்ல வேண்டுமே.

இரண்டு வாரத்துக்கு முன்னால் கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஒரு மாம்பழக் கலர் புடவையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. நம் தெரு குரூப்பில் என் வீடியோ, அன்றைக்குக் குழாயடியிலிருந்தே நான் டில்லிக்கு அனுப்பியது. யாரோ பின்னணியில் பாட்டுச் சேர்த்து, மேலே மாலை போட்டு, 'மதி அண்ணன் ஸ்டைல்' என்று எழுதியிருந்தார்கள். கீழே டில்லி போட்டிருந்தான்: இந்த வருடம் தண்டு பிடிக்கிற எட்டுப் பேரும் அதே குழாயடியில், அதே மாதிரி, உன் நினைவாக ஆளுக்கு ஒரு ஸ்பூன். கைகூப்பும் படங்களாக வந்து குவிந்தன. என் கை புடவை மேலேயே நின்றுவிட்டது. பொண்ணுக்கு அம்மா, என்னம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

உன்னைக் கொன்றதையே உனக்குப் படையல் வைக்கப் போகிறார்கள், அண்ணா. இதை நான் எப்படி விட முடியும்?

அன்று சாயங்காலம் ஜிம்முக்குப் போனேன். போன ஐப்பசியிலிருந்து நானும் அங்கே சேர்ந்திருக்கிறேன், அதை உனக்குச் சொல்லவே இல்லையே. அண்ணனை முழுங்கின இடத்துக்கே தங்கச்சியும் போறா என்று பேசினார்கள். அந்த இடம் உன்னை முழுங்கவில்லை. நான் தண்ணீர் பாட்டிலோடு போகிறேன், எடை தூக்குகிறேன், முட்டை சாப்பிடுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன்.

டில்லி கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவனை உன் நண்பன் என்று மட்டும் சொன்னால் போதாது, நம் வீட்டில் உன் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். வேண்டாம் என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

"ஒரே ஒரு ஸ்பூன்மா. அவனுக்காக," என்றான்.

"அவனுக்காகன்னா தண்ணி குடிங்க."

"தண்ணி குடிச்சா நடுவுல எறங்கணும். எறங்குனா மேலத்தெருவுல இன்னா பேசுவானுங்கன்னு தெரியாதா ஒனக்கு? மதி சாவுற வரைக்கும் எறங்கல."

"எறங்காததாலதான் செத்தான்," என்றேன்.

அவன் துண்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டான். குரூப்பிலிருந்து என் வீடியோவை நீக்கச் சொன்னேன், நீக்கவில்லை. விழாக் குழுவிடம் போனேன். உன் பேனர் அடித்துத் தயாராக இருந்தது, அம்மன் சேவையில் கலந்தவர் என்று. வருத்தத்தில் இருக்கிறாய், போய் ஓய்வெடும்மா என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவிடமும் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நேற்றுக் காலை பல்லக்கு கிளம்புவதற்கு முன்னால் குழுத் தலைவர் மைக்கில் உன்னைப் பற்றி நாலு வார்த்தை நன்றாகவே பேசினார். குடும்பத்தின் சார்பாக மரியாதை வாங்க என்னைக் கூப்பிட்டார். மாலையை வாங்கவில்லை. மைக்கை வாங்கினேன். 

அலங்காரமாக ஒன்றும் பேசவில்லை, அண்ணா. நீ பவுடரைத் தண்ணீரில்லாமல் தின்றதைச் சொன்னேன். முந்தின நாளிலிருந்து வாயில் சொட்டுத் தண்ணீர் படாததைச் சொன்னேன். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அந்த வீடியோவில் சிரிக்கிறவள் நான்தான் என்றும், தெரியாமல் சிரித்தேன் என்றும் சொன்னேன். இன்றைக்கும் எட்டுப் பேர் அதையே செய்யப் போகிறார்கள், அதில் ஒருத்தன் விழுந்தாலும் அடுத்த ஆடிக்கு இன்னொரு பேனர் அடிப்பீர்கள் என்றேன்.

கூட்டத்தில் மேலத்தெரு ஆள் ஒருத்தர், அப்ப மருந்து போட்டுக்கினுதான் அம்மன தூக்குனானுங்களா என்றார். இதற்குத்தான் அம்மா பயந்தாள். நானும் பயந்தேன். ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"மருந்து இல்லீங்க, தாகம். தாகத்தோட தூக்குனாங்க. ஒங்க ஆளுங்க எறங்கி குளிச்சிட்டு வந்தா அது சாதாரணம். எங்க ஆளுங்க எறங்குனா தெம்பு இல்லன்னு சொன்னீங்க. அதுக்கு பயந்துக்கினு ஆறு வருஷமா தண்ணி குடிக்காம தூக்குறாங்க. இன்னிக்கு எறங்குவாங்க. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. குழுத் தலைவர் மைக்குக்காகக் கையை நீட்டினார். அப்போதுதான் பூசாரி சன்னிதியிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன தண்ணீர்ப் பேச்சு என்று கேட்டார். சொன்னேன். அவர் முழித்தார். "குளிச்சிட்டு வரணும்னுதானே இருக்குது? தண்ணி குடிக்காதன்னு நான் எவனுக்கும் சொன்னதில்லயே," என்றார்.

கேட்டாயா? அப்படி ஒரு விதியே கிடையாதாம். ஆறு வருடத்தில் ஒருத்தனாவது அந்த மனுஷனிடம் போய்க் கேட்டீர்களா? எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. உன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது.

குழாயடிக்குப் போனேன். இரண்டு குடம் தண்ணீர் ஏற்கெனவே கொண்டுவந்து வைத்திருந்தேன், கொஞ்சம் உப்பும் எலுமிச்சையும் போட்டு. டப்பா டில்லியின் பையில் இருந்தது. எட்டுப் பேரும் என்னைப் பார்க்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கை கடுத்துப்போனது. டில்லிதான் முதலில் வாங்கினான். ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். மற்றவர்களும் குடித்தார்கள். ஒருத்தன் மட்டும் வீட்டிலேயே பவுடரை வாயில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். டில்லி அவனைத் தண்டைத் தொட விடாமல், நிழலில் உட்காரவைத்து, அவன் தம்பியைத் துணைக்கு நிறுத்திவிட்டு வந்தான். ஏழு பேரோடு கிளம்பினார்கள்.

கடைத்தெருவில், நீ நெஞ்சைத் தேய்த்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, டில்லி கையைத் தூக்கினான். இன்னொருத்தன் அவன் இடத்தில் தோள் கொடுத்தான். டில்லி எல்லார் கண்ணுக்கும் முன்னால் இறங்கி, ஒரு சந்துக்குள் போனான். தெருக் குழாயில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வேறு வேட்டி கட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட ஓடி வந்தான். இரண்டு பேர் ஏதோ சொல்லிச் சிரிக்கத்தான் செய்தார்கள். பல்லக்கு ஒரு இஞ்ச் சாயவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலத்தெருப் பையன் ஒருத்தன் இடது தண்டிலிருந்து நான் இடுப்பில் சுமந்து வந்த குடத்தைக் காட்டி, அக்கா, எனக்கும் என்றான். கொடுத்தேன்.

நம் வீட்டு வாசலுக்குப் பல்லக்கு வந்தபோது அம்மா ஆரத்தியோடு வெளியே வந்தாள். மைக்கில் நான் பேசியது அவளுக்கு அதற்குள் வந்து சேர்ந்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை. அம்மனுக்குச் சுற்றினாள். தட்டைக் கீழே வைத்தாள். நேராக வலது தண்டுக்குப் போய், நீ நிற்கிற இடத்தில் நின்ற டில்லியின் உதட்டைப் பார்த்தாள்.

"தண்ணி குடிச்சியாப்பா?" என்று கேட்டாள்.

டில்லி தலையாட்டினான், கண்ணில் தண்ணீர் வழிந்தது. இரண்டு கையும் தண்டில் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, தண்டு பிடித்திருந்த ஒவ்வொருத்தன் வாயிலும் அவளே ஊற்றினாள். ஏழு பேருக்கும் ஊற்றி முடிக்கும் வரை அம்மன் நம் வாசலில் நின்றாள்.

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை, அண்ணா. பேசுவாள். பேசாவிட்டாலும் நான் சொன்னதைத் திரும்ப வாங்கமாட்டேன்.

நான் உயிரோடு இருக்கிற வரை, நம் தெருவில் தண்டு பிடிக்கிற எவனும் தாகத்தோடு அம்மனைத் தூக்க மாட்டான். எவன் கையிலாவது பவுடரைப் பார்த்தால் தட்டிவிடுவேன், அவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். அதற்காக அம்மனே என்மேல் கோபித்துக்கொண்டால், அதை அவளோடு நேரிலேயே பேசித் தீர்த்துக்கொள்கிறேன்.

உன்னை இன்னும் மன்னிக்காத,
உன் கூடப் பிறந்த பாப்பா,
கலை